எஸ்.எஸ்.பி. பயிற்சி மையம்: 18,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

பிளஸ் டூ முடித்ததும் இராணுவ அதிகாரியாகச் சேர உதவும் 10+2 டெக்னிக்கல் என்ட்ரிக்கு என் மகனுக்கு அழைப்பு வந்ததும், வேலூர்ப் பக்கம் ஒரு எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் பல நாள் தேர்வு) பயிற்சி மையத்தில் சேர்த்தேன். இரண்டு வாரத்துக்கு 18,000 ரூபாய். விடுதியும் சாப்பாடும் தனி. இராணுவத்தில் கருவிகளையும் வண்டிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதிகாரியாகும் வழி எவ்வளவு மலிவானது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டணத்தைக் கறாராகப் பார்க்கிறேன்.

இந்த நுழைவுக்குத் தனி எழுத்துத் தேர்வு கிடையாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதம் வேண்டும், ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்க வேண்டும். தேர்வானால் நான்கு ஆண்டுப் பயிற்சி, பொறியியல் பட்டம், லெப்டினன்ட் பதவி. செலவு முழுவதும் அரசுடையது. இடையில் தானாக விலகினால் மட்டும் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். எஸ்.எஸ்.பி.க்குப் போனால் தங்குமிடமும் உணவும் இலவசம். முதல்முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணமும் கிடைக்கும். இந்தப் பாதையில் நாம் கைக்காசைக் கொட்டும் ஒரே இடம் பயிற்சி மையம்தான்.

மைதானப் பயிற்சி அருமை. குழுவாகத் தடைகளைத் தாண்டுவதற்கான பலகை, கயிறு, பீப்பாய் எல்லாம் சரியான அளவில் இருந்தன. அதை நடத்திய ஓய்வுபெற்ற அதிகாரி, குழுவில் வாய் திறக்காமல் ஒதுங்கி நின்ற பையன்களைத் தனியே அழைத்துப் பேசினார். கூச்ச சுபாவமுள்ள என் மகன் அங்கேதான் நாலு பேர் நடுவில் யோசனை சொல்லப் பழகினான்.

உளவியல் வகுப்பு நேர் எதிர். சொல் தேர்வில் 60 சொற்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. மனத்தில் முதலில் எழுவதை எழுதத்தான் அவ்வளவு குறைந்த நேரம். இவர்களோ அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்து, விடைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். படத்தைப் பார்த்துக் கதை எழுதும் தேர்வுக்கும் அப்படியே: வெள்ளம், படகு, கிராமத்தைக் காப்பாற்றும் இளைஞன். வகுப்பு முழுவதும் ஒரே கதை! எஸ்.எஸ்.பி.யில் தேர்வாளர்கள் மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பது மனம், வாக்கு, செயல் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான். எழுத்தில் வீரனாக இருப்பவன் மைதானத்தில் தயங்கினால் அங்கேயே தெரிந்துவிடும். பதினேழு வயதுப் பையனுக்குக் காசு வாங்கிக்கொண்டு வேஷம் போடக் கற்றுத் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மகன் போபாலில் நடந்த எஸ்.எஸ்.பி.யில் முதல் நாள் வடிகட்டலைத் தாண்டினான். தேர்வாளர்கள் கூடி முடிவெடுக்கும் கடைசி நாள் கான்ஃபரன்ஸில் தேர்வாகவில்லை. இதற்காக மையத்தைக் குறை சொல்லவில்லை. இந்த நுழைவுக்கு மொத்த இடங்களே சுமார் 90தான். ஆனால் விளம்பரப் பலகையில் இருக்கும் வெற்றிப் படங்களில் எத்தனை பேர் இங்கேயே முழுதாகப் படித்தவர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

மைதானமும் மாதிரி நேர்காணலும் மட்டும் என்றால் 6,000 ரூபாய் தாராளமாகத் தரலாம். பிரித்துத் தர மாட்டோம் என்கிறார்கள். சேரத்தான் வேண்டுமென்றால், பணம் கட்டும் முன் மைதானத்தில் ஒரு மாலை நின்று பாருங்கள். அந்த அதிகாரி இன்னும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இல்லையென்றால் அங்கே சேர்க்க வேண்டாம்.