பிளாஸ்டிக்கைத் திட்டாதீர்கள்: என் பாலிமர் பிஸ்டலும் அந்தக் கடைசித் தோட்டாவும்

பாலிமர் ஃபிரேம் (கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்) கொண்ட பிஸ்டல் வாங்கலாமா, பிளாஸ்டிக்தானே, நாளடைவில் விரிசல் விடாதா என்று நண்பன் ஒருவன் கேட்டிருந்தான். என் பிஸ்டல் ரிப்பேர் முடிந்து திரும்பி வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

முதலில் அவன் கேள்விக்கே வருகிறேன். விரிசல் விடவில்லை. சில ஆயிரம் தோட்டாக்கள் சுட்டாகிவிட்டது. வெயிலில் கிடந்திருக்கிறது, வியர்வைக் கையோடு மணிக்கணக்கில் பிடித்திருக்கிறேன், காலியாக இருந்தபோது ஒருமுறை சிமென்ட் தரையிலும் விழுந்தது. கைப்பிடியில் உள்ளங்கை படும் இடத்தில் சொரசொரப்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. பிளாஸ்டிக் மேல் நான் சொல்லக்கூடிய புகார் அவ்வளவுதான். என்னைப் படுத்தி எடுத்தது எஃகு. அதுவும் விரல் நகம் அளவுள்ள ஒரு துண்டு எஃகு.

இந்த பிளாஸ்டிக் பயம் பழையது. பாலிமர் ஃபிரேமோடு முதலில் வந்த பிஸ்டல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் தயாரித்த வி.பி.70, வருடம் 1970. அதன் கனமான ட்ரிகரைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள், ஃபிரேமை அல்ல. அதற்கு முன் துப்பாக்கியே செய்திராத காஸ்டன் க்ளாக் செய்த க்ளாக் 17-ஐ 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் மற்ற கம்பெனிகளும் வரிசையாக இந்தப் பக்கம் வந்தன. எண்பதுகளில் 'பிளாஸ்டிக் துப்பாக்கி மெட்டல் டிடெக்டரில் சிக்காது' என்று ஒரு பீதி கிளம்பியது. மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, குண்டு போகும் குழாயான பேரல், ஸ்பிரிங் எல்லாம் எஃகு. ஃபிரேமுக்குள்ளேயே ஸ்லைடு ஓடுவதற்கான எஃகுத் தண்டவாளங்களைப் பதித்துத்தான் வார்க்கிறார்கள். சிக்காமல் எங்கே போகும்? சரி, அது பழைய கதை.

ரிப்பேருக்கு முன் என் தலைவலி இதுதான். மேகசினில், அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், உள்ள தோட்டாக்கள் எல்லாம் ஒழுங்காகச் சுடும். கடைசித் தோட்டா மட்டும் சுட்ட பிறகு காலி உறை வெளியே போகாது. ஸ்லைடு பின்னால் போய் ஒழுங்காகத் திறந்து நிற்கும். எட்டிப் பார்த்தால் உள்ளே, தோட்டாக்களை மேலே தள்ளும் தகடான, மேகசினின் ஆரஞ்சு நிற ஃபாலோயர் மேல், அந்தப் பித்தளை உறை ஜம்மென்று படுத்திருக்கும். பிஸ்டலைச் சாய்த்து உலுக்கினால் கீழே விழும். சில நாள் கொஞ்சம் முன்னேறி ஸ்டவ்பைப் ஆகும். அதாவது உறை பாதி வெளியே வந்து ஸ்லைடுக்கும் பேரலுக்கும் நடுவே புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நின்றுவிடும். மற்ற உறைகளும் வலது பக்கம் போகாமல் என் நெற்றியைத் தேடி வரும். ஒன்று சட்டைக் காலருக்குள்ளேயே விழுந்தது. சுட்ட சூட்டில் இருக்கும் பித்தளை கழுத்தில் ஒட்டினால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்களிடம் கேளுங்கள்.

ஏன் கடைசித் தோட்டா மட்டும்? கம்பெனியிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். ஸ்லைடு பின்னால் போகும்போது எக்ஸ்ட்ராக்டர் என்ற சிறு கொக்கியின் நகம் உறையின் விளிம்பைப் பிடித்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பரிலிருந்து இழுத்து வருகிறது. என் 9 மி.மீ. தோட்டா உறையின் விளிம்பு ஒன்றேகால் மி.மீ. தடிப்புத்தான், நகம் பிடிக்க அதற்கு மேல் இடம் கிடையாது. பாதி வழியில் இடது பக்கம் ஃபிரேமோடு அசையாமல் நிற்கும் எஜெக்டர் என்ற சிறு முளையில் உறையின் பின்பக்கம் மோதும். மோதியதும் நகத்தையே கீலாக வைத்துச் சுழன்று, வலப்பக்கம் பறந்துவிடும். நகத்தின் பிடி தளர்ந்திருந்தால் எஜெக்டரைத் தொடுவதற்கு முன்பே உறை நழுவிக் கீழே இறங்கப் பார்க்கும். மேகசினில் அடுத்த தோட்டா இருந்தால் அது கீழிருந்து முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளும். உறை எப்படியோ தட்டுத்தடுமாறி வெளியேறிவிடும். கடைசித் தோட்டாவுக்கு அந்த முட்டு கிடையாது. ஆக, கடைசி உறை மட்டும் உள்ளே விழுகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எக்ஸ்ட்ராக்டரை.

இதையெல்லாம் விளக்கி எழுதினேன். கம்பெனியிடமிருந்து வந்த பதில்: 'மணிக்கட்டைத் திடமாக வைத்துச் சுடவும்.' பிஸ்டலை அனுப்பி வைத்தேன். 'அளவுகள் சரியாக உள்ளன, துப்பாக்கி நல்ல நிலையில் உள்ளது' என்று ஒரு சீட்டோடு அப்படியே திரும்பி வந்தது. துடைத்து எண்ணெய் மட்டும் போட்டிருந்தார்கள், அதுவும் தாராளமாக.

மணிக்கட்டுக் கதை முழுப்பொய் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்லைடு முழு வேகத்தில் பின்னால் போக, ஃபிரேம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். பிடி தளர்ந்து ஃபிரேமும் சேர்ந்தே பின்னால் வந்தால் ஸ்லைடின் வேகம் அதில் கரைந்துபோகும். உறை சரியாகப் பறக்காது, அடுத்த தோட்டா சரியாக ஏறாது. கனமான துப்பாக்கி தன் எடையாலேயே கொஞ்சம் நின்று கொடுக்கும். உலோக ஃபிரேம் கொண்ட பெரெட்டா 92 தோட்டா இல்லாமல் ஏறக்குறைய 950 கிராம், க்ளாக் 17 ஏறக்குறைய 625 கிராம். இந்த வித்தியாசத்தைச் சுடுபவரின் கைதான் ஈடுகட்டியாக வேண்டும். புதிதாகச் சுட வருபவர்களின் கையில் பாலிமர் பிஸ்டல் அதிகம் ஜாம் ஆவதற்கு இது ஒரு காரணம். பிளாஸ்டிக் மேல் எனக்குள்ள ஒரே கோபமும் இதுதான்: தானாக எந்தத் தப்பும் செய்யாமல், கம்பெனிக்கு ஒரு நிரந்தரச் சாக்கை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது. என் பிஸ்டலை ரேஞ்சில் பல வருடமாகச் சுடும் ஒருவரிடம் கொடுத்தேன். இரும்புப் பிடி. கடைசி உறை அவருக்கும் உள்ளேயே படுத்தது. "சார், இது உங்க கை இல்ல, துப்பாக்கிதான்" என்றார். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

அவர் சொல்லிக் கொடுத்த ஒரு சோதனைதான் முடிச்சை அவிழ்த்தது. ஒரு தோட்டாவை சேம்பரில் ஏற்றிவிட்டு, மேகசினை முழுவதும் கழற்றிவிட்டு, ரேஞ்சில் இலக்கை நோக்கி அந்த ஒன்றை மட்டும் சுட வேண்டும். (மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி பூட்டு வைத்த மாடல்களும் உண்டு, அவற்றில் இது முடியாது.) கீழே தாங்க எதுவும் இல்லாததால் எக்ஸ்ட்ராக்டர் தனியாக மாட்டிக்கொள்கிறது. நல்ல எக்ஸ்ட்ராக்டர் என்றால் உறை வலப்பக்கம் தூரமாகப் போய் விழும். என்னுடையதில் மேகசின் போகும் ஓட்டை வழியாக வழிந்து என் காலடியில் விழுந்தது. திரும்பச் செய்தேன், திரும்ப விழுந்தது. இதை வீடியோ எடுத்து அனுப்பிய பிறகுதான் கம்பெனியின் குரல் மாறியது.

இரண்டாம் முறை வேலை பார்த்த ஆர்மரர், அதாவது துப்பாக்கி மெக்கானிக், நல்ல மனிதர். பழைய எக்ஸ்ட்ராக்டரை ஒரு சிறு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கூராக இருக்க வேண்டிய நகத்தின் கீழ் மூலை மழுங்கி உருண்டிருந்தது. நகத்துக்கு அடியில் கரியும் பித்தளைத் தூளும் சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தன. பல்குச்சியால் நெம்பியபோது சிறு செதிலாகப் பெயர்ந்து வந்தது. எக்ஸ்ட்ராக்டர், அதை அழுத்தும் ஸ்பிரிங், எஜெக்டர் மூன்றையும் மாற்றியிருந்தார்கள். இப்போது உறைகள் ஒரே திசையில், ஒரே தூரத்தில் போய் விழுகின்றன. கடைசி உறையும்தான். இதை முதல் கடிதத்திலேயே செய்திருக்கலாம்.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 115 கிரெய்ன், அதாவது ஏழரை கிராம் குண்டு போட்ட மலிவான பயிற்சித் தோட்டாவில்தான் தொல்லை அதிகம் இருந்தது. கொஞ்சம் வேகம் கூடிய 124 கிரெய்ன் தோட்டாவில் பாதி குறைந்துவிடும். ஸ்லைடுக்குக் கிடைக்கும் உந்துதல் கூடினால் மழுங்கிய நகமும் ஒருவாறு சமாளித்துவிடுகிறது. 'இந்தப் பிஸ்டல் ஜாமே ஆகாது', 'அந்தப் பிஸ்டல் குப்பை' என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்பாமல் போனது இதனால்தான். எந்தத் தோட்டா, எந்த மேகசின், யார் கை என்று தெரியாமல் அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

மேகசின் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொன்றின் அடியிலும் பெயிண்டால் எண் போட்டு வையுங்கள். தோட்டா மூக்கு இடித்துக்கொண்டு ஏறாமல் நிற்கும் கோளாறு எனக்கு ஒரே எண்ணில்தான் வந்தது. அதன் வாய் உதடுகள் லேசாக விரிந்திருந்தன. அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன், கோளாறு போயிற்று. நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்பதும் ஊதிப் பெரிதாக்கிய பயம். நிரப்பிக் காலி செய்து, நிரப்பிக் காலி செய்து உழைப்பதில்தான் அது தேய்கிறது. தோட்டாவின் பின்பக்கத்தை அடிக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கர் ஓடும் துளைக்குள் எண்ணெய் விடாதீர்கள். கரியோடு சேர்ந்து பிசினாகி, ஸ்ட்ரைக்கரின் அடியை மென்மையாக்கிவிடும். தோட்டாவைப் பற்றவைக்கும் ப்ரைமரில் மெல்லிய பள்ளம் மட்டும் விழுந்து, தோட்டா வெடிக்காமல் இருக்கும். திரும்பி வந்த பிஸ்டலில் நான் முதலில் செய்த வேலை, கம்பெனியின் தாராள மனதை அங்கிருந்து துடைத்து எடுத்ததுதான்.

ஜாம் எடுத்துப் பழகிய கைக்கு ஒரு ஆபத்து உண்டு. மேகசினைத் தட்டு, ஸ்லைடை இழு, மறுபடி சுடு என்று அது யோசிக்காமலே செய்துவிடும். ஆனால் வழக்கமான சத்தம் இல்லாமல் 'பொத்' என்று மட்டும் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். குண்டு பேரலுக்குள் சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் உப்பும், வெடிக்கவும் கூடும். அப்போது பாலிமரா உலோகமா என்ற விவாதத்துக்கெல்லாம் இடமிருக்காது. ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடியாவது காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம்தான். அதற்காக அது முகத்துக்கு நேராக இருக்கும்போது வெடிக்க வேண்டுமா?

ஆக, நண்பனுக்குப் பதில்: தாராளமாக வாங்கு. பிளாஸ்டிக்குக்குப் பயப்படாதே. ட்ரிகர் நன்றாக இருக்கிறது, குறி நன்றாக விழுகிறது, எடை குறைவு, துருப்பிடிக்க ஃபிரேமில் அதிகம் ஒன்றும் இல்லை, கழற்றி மாட்டுவது அத்தனை சுலபம். இவ்வளவும் சொல்லிவிட்டு மதிப்பெண் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். பிஸ்டலுக்கு நான்கு போடலாம். என் மணிக்கட்டின் மேல் பழிபோட்ட அந்தக் கடிதத்துக்கு இரண்டைக் கழிக்கிறேன். அதே கம்பெனியில் இன்னொன்று வாங்குவேனா? மாட்டேன். இதை விற்பேனா? அதுவும் மாட்டேன். கூடுதலாக ஒரு எக்ஸ்ட்ராக்டரும் இரண்டு ஸ்பிரிங்கும் சொந்தக் காசில் வாங்கி வைத்திருக்கிறேன். அவை இந்த மாடலுக்கு மட்டும்தான் பொருந்தும்.