‘மனித வாடையே இருக்காது’ என்று விற்கிற பெட்டிக்குக் காசு கட்டாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். மான் படம் எடுக்கவென்று கமராவோடு காட்டோரம் திரிகிற எங்கள் பெடியளும், ஆடி ஆவணியில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களும் காசு கட்டுவதற்கு முன் வாசித்துவிடுங்கள். உடம்பு மணம் மானுக்குத் தெரியாமல் மறைக்கும் என்று முகநூலில் விற்ற ஒரு பெட்டிக்கு நான் கட்டியது 38,500 ரூபாய். அதில் ஒரு சதமும் திரும்பி வரவில்லை.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் வேட்டைக்காரன் இல்லை. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மானையோ மரையையோ கொன்றால் வழக்குத்தான், அது வில்லாக இருந்தாலும் துவக்காக இருந்தாலும். என்னிடம் இருப்பது 300 மில்லிமீற்றர் வரை போகிற ஒரு சாதாரண லென்ஸ். புள்ளிமானின் கண்ணிமை தெரிய ஒரு படம் வேண்டுமென்றால் 25, 30 மீற்றருக்குள் நெருங்கவேண்டும். வெளிநாடுகளில் வில்லோடு போகிறவர்கள் நிற்கிற தூரமும் அதுதான். ரைபிள்காரன் 200 மீற்றருக்கு அப்பால் நின்று சுட்டுவிட்டுப் போவான். வில்லுக்காரனோ மானின் மூக்குக்கு முன்னால் போய் நிற்கவேண்டியவன். அதனால் உடம்பு மணத்தை அடக்குகிற வித்தையெல்லாம் பெரும்பாலும் அவர்கள் வளர்த்தவை. அதை வைத்து நடக்கிற வியாபாரமும் அவர்களைச் சுற்றித்தான்.

என் மச்சான் ஒருவர் ஒன்ராறியோவில் இருக்கிறார். அனுமதிப்பத்திரம் எடுத்து, இலையுதிர் காலத்தில் வெள்ளைவால் மானுக்கு வில்லோடு போகிறவர். அவருடைய கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இந்த ஆசை பிடித்தது. ஏமாந்தது அவரால் இல்லை, அவரிடம் கேட்காமல் வாங்கியதால்.

எனக்கு இருந்த பிரச்சினை இதுதான். முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குளம். ஆடியில் தண்ணீர் வற்றி, அலைகரையில் பசும்புல் முளைக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு மான்கள் இறங்கும், சில நாட்களில் முப்பது நாற்பது கூட. பின்னேர வெயில் மேற்கிலிருந்து வரும். படத்தில் வெளிச்சம் மானின் முகத்தில் விழவேண்டுமென்றால் நான் மேற்கே, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு இருக்கவேண்டும். ஆனால் ஆடியில் வீசுவது சோளகம், தென்மேற்குக் காற்று. அது என் முதுகில் பட்டு நேரே மானின் மூக்குக்குப் போகும். வெளிச்சத்துக்கு ஏற்ற இடம் காற்றுக்குக் கூடாது, காற்றுக்கு ஏற்ற இடத்தில் இருந்தால் படம் முழுக்க இருட்டு. இரண்டு வருடமாக இதே கரைச்சல்.

இந்த நேரத்தில்தான் முகநூலில் அந்த விளம்பரம் வந்தது. ‘காற்றுத் திசை பார்க்கத் தேவையில்லை’ என்று பெரிய எழுத்தில். எனக்காகவே எழுதின மாதிரி இருந்தது. வில்வேட்டைக்காரர் பாவிக்கும் அசல் பெட்டி, அமெரிக்கத் தயாரிப்பு என்றார்கள். உள்ளே கரிச்சேர்க்கை போட்ட மேலங்கி, மணம் நீக்கும் ஸ்பிரே இரண்டு போத்தல், மணமில்லாத சவர்க்காரம், ஒரு சின்னக் குப்பியில் மான் மூத்திரம். வட்ஸ்அப்பில் பேசியவர் நல்ல மரியாதை. ‘அண்ணை, அண்ணை’ என்று உருகினார். வவுனியாவில் கடை இருக்கிறது என்றார். விலாசம் கேட்டபோது ‘இப்ப ஒன்லைன் மட்டும் அண்ணை’ என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்கவேண்டும். முழுக்காசும் முதலே வங்கிக்குப் போட்டேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை. மான் ஆசை சீதையையே விடவில்லை, நான் எம்மாத்திரம்!

பார்சல் பதினொரு நாளில் வந்தது. ஸ்பிரேயை அடித்துப் பார்த்தால் மல்லிகைப்பூவும் ஆஸ்பத்திரியும் கலந்த மாதிரி ஒரு வாசம். மணம் நீக்குகிற சாமானுக்கே மணம்! லேபிளின் ஒரு மூலை எழும்பி நின்றது, உரித்தால் அடியில் வேறொரு லேபிள், கார் இருக்கைக்கு அடிக்கிற வாசனைத் திரவம். மேலங்கியின் உட்துணி கறுப்பு. ஈரக் கையால் தேய்த்தால் சாயம் கையில் ஒட்டியது. கரி இருந்ததோ என்னவோ, சாயம் தாராளமாக இருந்தது.

அப்படியும் போய் இருந்தேன். மூன்று பின்னேரம். சவர்க்காரம் போட்டுக் குளித்து, ஸ்பிரே அடித்து, அந்தப் புழுக்கத்தில் மேலங்கியையும் மாட்டிக்கொண்டு குளக்கட்டில் குந்தியிருந்தேன். முதல்நாள் மான்கள் எண்பது மீற்றரில் நின்றன. முன்னால் வந்த பெட்டை தலையை உயர்த்தி மூக்கைச் சுழித்தது, முன்காலால் நிலத்தைத் தட்டியது, பிறகு அந்தக் கூர்மையான சத்தம். வால்கள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. அவ்வளவுதான், குளம் வெறும் குளம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மரத்திலிருந்த மந்திகள்கூடக் கத்தின.

விற்றவரிடம் சொன்னேன். ‘தலைமுடிக்கும் அடிச்சீங்களோ அண்ணை?’ என்றார். அடித்துவிட்டுப் போய்வந்து சொன்னேன். ‘சப்பாத்து தோலோ? இறப்பர் பூட்ஸ் இல்லாமல் சரிவராது,’ 9,000 ரூபாய். நான் வாங்கவில்லை. ‘அப்ப ஓசோன் மெஷின் எடுங்கோ, உடுப்பை இரவு முழுக்க அதோட அறையில பூட்டி வையுங்கோ,’ 24,000 ரூபாய். இந்த ஓசோன் விசயத்தில் மட்டும் கவனமாக இருங்கள், காசோடு போகிற நட்டம் இல்லை இது. ஓசோன் நுரையீரலைப் பாதிக்கிற வாயு. மூடிய அறையில் அதை ஓடவிட்டு பக்கத்தில் பிள்ளைகளைப் படுக்கவைக்கிற வீடுகள்தான் எங்களுடையவை. இறப்பரிலும் அது வெடிப்பு விழவைக்கும். அதாவது முதல் விற்கப் பார்த்த பூட்ஸை அடுத்து விற்கப் பார்த்த மெஷின் தின்னும்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மான் வந்தால் அது பெட்டியின் திறமை. வராவிட்டால் நான் எங்கோ பிழைவிட்டேன். சேலை சாயம் போனால் கடைக்காரனிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டலாம். மணம் போயிற்றா இல்லையா என்று என்னுடைய மூக்குக்கே தெரியாது, நான் எதை விரித்துக் காட்ட?

பிறகு மச்சானுக்குப் போன் எடுத்தேன். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் சொன்னவற்றில் எனக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன். வேர்வை வெளியே வரும்போது பெரிதாக மணப்பதில்லை. தோலில் இருக்கிற பக்டீரியா அதை உடைக்கும்போதுதான் நாற்றம். அதனால் குளிப்பதில் பிரயோசனம் இருக்கிறது, வாசனை இல்லாத சவர்க்காரமாக இருந்தால். உடுப்பு துவைக்க அப்பச்சோடா போதும், வேர்வையில் வரும் அமில நாற்றத்தை அது அடக்கும். ஆனால் மூச்சை யாரும் துவைக்க முடியாது. உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தோற்செதில் ஓயாமல் உதிர்ந்துகொண்டிருக்கும், அதையும் எந்த ஸ்பிரேயும் நிறுத்தாது. மணத்தைக் குறைக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது.

கரி உடுப்பு என்று அசலாகவும் ஒன்று இருக்கிறதாம். கரியின் நுண்துளைகள் மணத்தைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நிறைந்த பிறகு அந்தத் துளைகளைத் திரும்ப வெறுமையாக்க ஆலைகளில் பல நூறு பாகை வெப்பம் கொடுக்கிறார்கள். ‘ஒரு நாள் வெயிலில போட்டால் புதுசு மாதிரி அண்ணை’ என்று எனக்குச் சொல்லப்பட்டது. எங்கள் சித்திரை வெயில் கொடுமைதான், ஆனாலும் அவ்வளவு இல்லை.

மூத்திரக் குப்பிக்குத்தான் மச்சான் அதிகம் சிரித்தார். வெள்ளைவால் மானின் மூத்திரம் எங்கள் புள்ளிமானுக்கு எதைச் சொல்லப்போகிறது? இரண்டும் வேறு வேறு இனம். அதைவிட, அவருடைய ஒன்ராறியோவிலேயே வேட்டையில் மான் மூத்திரத்தைப் பாவிக்கத் தடை. மான்களின் மூளையை அரிக்கிற ஒரு தீராத நோய் வட அமெரிக்காவில் இருக்கிறது, மூத்திரத்தாலும் எச்சிலாலும் அது பரவும். அங்கே கூடாதென்று ஒதுக்கியதைக் கொண்டுவந்து எங்கள் குளக்கரையில் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். நல்லகாலம், என் குப்பியில் இருந்தது வெறும் அமோனியா நெடி. கள்ளச் சாமானுக்கு நன்றி சொன்னது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

ஊரில் எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர், மாட்டுப்பட்டி வைத்திருப்பவர். மேலங்கியோடு நான் போய்வருவதைக் கண்டு கூப்பிட்டு விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “மோனை, உன்ர உடுப்பு மணக்கேல்லை எண்டு ஆர் சொன்னது? வித்தவனோ, மானோ?”

பிறகு தன் நாயைக் காட்டினார். என்னை முழுக்க ஸ்பிரே அடிக்கச் சொல்லி, வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிக்கவைத்து, நாயை அவிழ்த்துவிட்டார். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, மடியில் ஏறி முகத்தை நக்கியது. இந்தச் சோதனைக்குச் செலவு இல்லை. யாராவது இப்படி ஒரு பெட்டி விற்க வந்தால், முதலில் உங்கள் வீட்டு நாயிடம் கேளுங்கள்.

அவர் சொன்ன இன்னொன்று என்னைக் கொஞ்சம் உறையவைத்தது. “மணமில்லாமல் பாலைப்பழக் காலத்தில காட்டுக்க போனியெண்டால், மானைக் காணுறியோ இல்லையோ கரடியைக் காண்பாய். அது உன்னை மணந்து விலத்திப் போறதாலதான் நீ வீட்டை வாறாய்.” அந்தப் பெட்டி உண்மையிலேயே வேலை செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசித்தே இருக்கவில்லை. கரடி திடீரென்று கிட்டத்தில் ஆளைக் கண்டால் ஓடாது, பாயும். முகம் கிழிந்தவர்களை எங்கள் ஊர்களில் பார்க்கலாம். யானைக்கும் இதே கதைதான்.

எங்கள் பக்கத்தில் வாடை என்றால் மணமும்தான், மார்கழிக் காற்றும்தான். பெரியப்பாவுக்கு இரண்டும் ஒரே விசயம். மடியில் ஒரு எருக்கலைக் காய் வைத்திருப்பார். வெடித்த காயிலிருந்து ஒரு இழை பஞ்சை எடுத்துவிட்டு, அது போகிற வழியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முகத்தில் படுகிற காற்று ஒரு பக்கம் போக, இருபது மீற்றர் தள்ளி, புதர் ஓரத்தில் பஞ்சு வேறு பக்கம் திரும்பும். வெயில் இறங்கிக் காற்று அடங்கினால், நிலத்தோடு ஒட்டிக்கொண்டு பள்ளத்துக்கு வழியும். மச்சானிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம். அங்கேயும் வில்லுக்காரர் இதையே ஒரு செடியின் பஞ்சை வைத்துச் செய்கிறார்களாம். அந்தச் செடி எருக்கலைக்குச் சொந்தம்.

என் வெளிச்சப் பிரச்சினையையும் பெரியப்பாதான் தீர்த்தார், கமரா பிடிக்கத் தெரியாத மனுசன். “விடிய வந்தால் என்ன?” என்றார். விடியக்காலமை வெயில் கிழக்கிலிருந்து வரும். நான் கிழக்குக் கரையில் இருந்தால் சூரியன் முதுகில், சோளகம் முகத்தில். இரண்டும் எனக்குச் சாதகம். இரண்டு வருடம் பின்னேரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மார்கழி தையில் வாடைக்காற்று திரும்பும்போது பின்னேரம் சரிவரும்தான், ஆனால் அப்போது காடெல்லாம் தண்ணீர், மான் ஏன் இந்தக் குளத்துக்கு வருகிறது? அடுத்த கிழமை பழைய சட்டையோடு, வீரை மர அடியில், எருக்கலைப் பஞ்சோடு இருந்தேன். ஒரு கொம்பன் மானும் நாலு பெட்டைகளும் முப்பது மீற்றரில் பத்து நிமிசம் மேய்ந்தன. படம் கிடைத்தது.

மேலங்கி இப்போது கச்சான் தோட்டத்தில் வெருளிக்குப் போட்டிருக்கிறது.

காசு விசயம். இரண்டாம் முறை நான் திருப்பிக் கேட்டதும் விற்றவர் என்னைத் தடைசெய்துவிட்டார். பக்கம் பெயர் மாறியது, பிறகு இன்னொரு முறையும் மாறியது. அதனால் பெயரைப் போட்டுப் பிரயோசனம் இல்லை. நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யலாம். ஆனால் கையில் ஏதாவது இருக்கவேண்டும். என்னிடம் இருந்தது வங்கிச் சீட்டும் வட்ஸ்அப் செய்திகளும் மட்டும், அவற்றையும் பாதி அழித்திருந்தேன். நீங்கள் அழிக்காதீர்கள். பொதியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், லேபிளுக்கு மேல் லேபிள் இருந்தால் உரித்துப் படம் எடுங்கள், இறக்குமதியாளர் பெயர் இல்லாத சாமானென்றால் கூரியர்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ஏற்கெனவே காசு கட்டிவிட்டுப் பார்சலுக்குக் காத்திருப்பவர்களிடம் ‘சுங்கத்தில் மாட்டிவிட்டது, இன்னும் 6,000 போடுங்கோ’ என்று ஒரு செய்தி வரலாம். பக்கத்து ஊர்ப் பெடியன் ஒருவனுக்கு வந்தது. அவன் போட்டுவிட்டான்.