மூகின் இரண்டு கூட்டாளிகள்: கார்லோஸும் எமர்சனும்

ராபர்ட் மூக் மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் சின்தசைசர் என்ற இசைக்கருவியைச் செய்தார். அதைக் கையில் வாங்கியவர்கள்தான் அதன் குறைகளை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் இரண்டு பேர் நேர் எதிர்.

இசையமைப்பாளர் வெண்டி கார்லோஸுக்கு ஸ்டுடியோதான் உலகம். அன்றைய மூக் சின்தசைசரில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் ஒலிக்கும். அவர் வாசிக்க எடுத்துக்கொண்ட ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையோ பல குரல்கள் பின்னிப் பிணைந்தது. ஆகவே ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாசித்து, எட்டு தடங்களைத் தனித்தனியே பதியும் எட்டு டிராக் டேப்பில் அடுக்கினார். நடுவே சுருதி நழுவிவிடும். நிறுத்தி, சரிசெய்து, மறுபடி வாசிக்க வேண்டும். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் கீபோர்டு வேண்டும் என்று கேட்டார், மூக் செய்து கொடுத்தார். இப்படி உருவாகி 1968இல் வெளிவந்த ‘ஸ்விட்ச்டு-ஆன் பாக்’ இசைத்தட்டு மூன்று கிராமி விருதுகளை வென்றது.

ராக் கீபோர்டு கலைஞர் கீத் எமர்சன் அதே ஜாதி இயந்திரத்தை, அலமாரி அளவுக்கு வயர்கள் தொங்க, ராக் மேடைக்கே ஏற்றிவிட்டார். மேடையில் வயரைப் பிடுங்கிச் செருகி ஒலி மாற்ற நேரம் ஏது? பட்டன் தட்டினால் தயார் ஒலி வரும்படி வசதி சேர்க்க வேண்டியிருந்தது. சூட்டில் சுருதி நழுவும் தொல்லை இங்கேயும் உண்டு, ஆனால் எதிரே ஆயிரக்கணக்கானோர் காத்திருப்பார்கள். விரலால் தேய்த்து வாசிக்கும் ரிப்பன் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து பட்டாசு வெடிக்க வைத்ததும் இவர்தான்!

கருவியின் நுணுக்கத்தைக் கூட்டியது கார்லோஸ் என்பேன். எமர்சன் அதற்குக் கூட்டம் சேர்த்தார். எனக்கு ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், சரி, கார்லோஸ்.