தச்சு வேலைக்கு நூற்றுக்கு நூறு, ஒயரிங்குக்கு பார்டர் பாஸ்: எங்கள் கேம்பர் வேன்

கேம்பர் வேன், அதாவது படுக்கை, சமையல் மேடை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி, கட்டலாமா, சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில் குடித்தனம் நடக்குமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கட்டலாம், நன்றாகவே நடக்கும். ஆனால் பட்டறையில் காட்டுகிற டிசைனுக்கு அப்படியே தலையாட்டிவிடாதீர்கள். அது நாலு நண்பர்கள் சேர்ந்து கோவா போவதற்குப் போட்ட டிசைன். மூன்று வயதுப் பெண்ணும் இரண்டாம் வகுப்புப் பையனும் உள்ளே இருக்கிற வண்டிக்குக் கணக்கே வேறு.

எங்களுடையது ஃபோர்ஸ் ட்ராவலர் வேன். உள்வேலை முழுக்க கரூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் செய்தது. பெயர் போடவில்லை, ஏனென்றால் குறை நிறையச் சொல்லப் போகிறேன், அதில் பாதியை அவர்களே சரிசெய்தும் கொடுத்துவிட்டார்கள். கரூருக்கு ஏன் போனோம் என்றால், பஸ் பாடி கட்டுவதில் பேர் போன ஊர். இரும்புச் சட்டம், தகரம், சீட்டு, கண்ணாடி, ரெக்சின் என்று ஒவ்வொன்றுக்கும் கை தேர்ந்த ஆட்கள் பக்கத்து பக்கத்திலேயே இருக்கிறார்கள். வண்டி விலை தனி, உள்வேலை மட்டும் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. பெருந்துறையிலிருந்து அடிக்கடி போய்ப் பார்க்கிற தூரம் என்பதும் ஒரு வசதி. வேலை நடக்கும்போது நேரில் போய் நின்றால்தான் சில விஷயங்களை மாற்றவே முடியும்.

மர வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. 710 கிரேடு மரைன் பிளை, அதாவது தண்ணீர் தாங்குகிற பிளைவுட், கனம் ஏறக்கூடாது என்று பெரும்பாலும் 12 மில்லிமீட்டரில், இரும்புச் சட்டத்தில் பிடித்துச் செய்திருக்கிறார்கள். வேலை பார்த்த பெரியவரிடம் வீட்டில் குட்டிப் பிள்ளை இருக்கிறாள் என்று மட்டும்தான் சொன்னேன். மேஜை, கட்டில் படி, சிங்க் ஓரம் என்று எல்லா விளிம்பையும் உருட்டிவிட்டு, அப்புறம் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். கை எங்கே தட்டியதோ அங்கே மறுபடி உப்புத்தாள். மேஜையின் அடிப்பக்கத்தையும் விடவில்லை. "பெரியவங்களுக்கு மேல்பக்கங்க, கொழந்தைக்கு அடிப்பக்கந்தானுங்க தலையில இடிக்கும்" என்றார். நான் யோசித்தே இருக்காத விஷயம் அது. பின்பக்கம் குறுக்கே பெரிய கட்டில், அதற்கு மேல் பிள்ளைகளுக்கு ஒரு பங்க், அதாவது மேலடுக்குப் படுக்கை, பங்குக்கு ஒரு முழ உயரத்தில் தடுப்பு. தடுப்பைக் கம்பியாக விடாமல் துணி வலையாகக் கேளுங்கள், கைகால் மாட்டாது.

சண்டை வந்தது சீட்டில்தான். அவர்கள் டிசைனில் பக்கவாட்டில் நீளமாக ஒரு சோபா. "சார், பின்னாடி யாருங்க பெல்ட்டெல்லாம் போடறாங்க, சோபா போட்டுருங்க, பசங்க ஜம்முனு படுத்துட்டே வருவாங்க" என்று பட்டறைக்காரர் சொன்னார். பார்க்க அழகாகத்தான் இருக்கும், டீ குடிக்கலாம், சீட்டு விளையாடலாம். வண்டி 80-ல் போகும்போது அதில் குழந்தை படுத்துக்கொண்டு வருவது என்பது வேறு விஷயம். பிரேக் அடித்தால் பிள்ளை நேராகச் சமையல் மேடையில் போய் இடிக்கும். சட்டமும் தெளிவாக இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், வால்பாறை போகும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவு. சோபாவில் உட்கார்ந்து வருகிற பிள்ளை எத்தனை வளைவு தாங்கும்? பிடிவாதம் பிடித்து, முன்பக்கம் பார்த்த மாதிரி இரண்டு சீட்டு, தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து வருகிற மூன்று முனை பெல்ட், சீட்டுக்கு அடியில் கனமான தகடு கொடுத்து வண்டியின் சட்டத்தோடு போல்ட் என்று வாங்கினேன். வெறும் பிளைவுட் தரையில் ஸ்க்ரூ போட்டு நிறுத்திய சீட்டில் பெல்ட் இருந்தும் பிரயோஜனம் இல்லை. இதனால் சாமான் வைக்கிற இடம் கொஞ்சம் குறைந்தது. குறையட்டும்.

இனி ஒயரிங். இதில்தான் அவர்கள் கோட்டை விட்டார்கள்.

பேட்டரி லித்தியம், 12.8 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர், அதாவது ஏறக்குறைய இரண்டரை யூனிட். கூரையில் 400 வாட் சோலார். நம் பக்க வெயிலுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் வரை தருகிறது. இதில் 12 வோல்ட் பிரிட்ஜ், மின்சாரம் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் இரண்டு, லைட், தண்ணீர் பம்பு, செல்போன் சார்ஜ் எல்லாம் சுகமாக ஓடும். ஓட வேண்டும். எங்களுக்கோ நடு ராத்திரியில் பிரிட்ஜ் நின்றுவிடும், காலையில் பால் திரிந்து கிடக்கும், பேட்டரியைப் பார்த்தால் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும். பேட்டரி கோளாறு என்று பட்டறையில் சொன்னார்கள். கடைசியில் ஈரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிரிட்ஜ், ஃபேன், பம்பு மூன்றுக்கும் சேர்த்து முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே மெல்லிய ஒயர். எல்லாம் சேர்ந்து ஓடும்போது கடைசி முனையில் வோல்டேஜ் இறங்கி, பிரிட்ஜ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆஃப் ஆகிவிடுகிறது. அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. பெரிய பஸ்ஸெல்லாம் 24 வோல்ட், இவர்களுக்குக் கை பழகினது அதில். அதே வாட்டுக்கு 12 வோல்ட்டில் இரட்டிப்பு ஆம்பியர் ஓடும், அப்படியானால் ஒயரும் அதற்கேற்ற தடிமனில் இருக்க வேண்டும். பிரிட்ஜுக்கு மட்டும் தனி ஃபியூஸ், தனியாக 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தடிமன் ஒயர் இழுத்தார். பிரச்சினை தீர்ந்தது. நீங்கள் கட்டினால் ஒவ்வொரு லோடுக்கும் தனி ஃபியூஸ், ஒவ்வொரு ஒயருக்கும் பெயர்ச்சீட்டு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுவரைப் பலகையால் மூடின பிறகு யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஒயரில் மிச்சம் பிடித்தவர்கள், நாங்கள் கேட்காமலே டூரிஸ்ட் பஸ் மாதிரி சீலிங் சுற்றி நீல எல்இடி லைட் போட்டுக் கொடுத்தார்கள். அதுவும் இலவசம். எங்கள் சின்னவளுக்கு இப்போது அந்த நீல லைட் எரிந்தால்தான் தூக்கமே வரும்.

ஏசி வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசியை இந்த பேட்டரியில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஓட்டலாம், அவ்வளவுதான். நாங்கள் போடவில்லை. அந்தக் காசைச் சூடு தடுப்புக்குச் செலவு செய்யலாம். கூரைக்கு ரப்பர் ஃபோம் நன்றாக ஒட்டியிருக்கிறார்கள், பக்கச் சுவரில் கதவுக்கு மேலேயும் சக்கர வளைவிலும் சும்மா விட்டுவிட்டார்கள். சித்திரையில் கரூர் பரமத்தி வெயிலில் நிறுத்திப் பார்த்தால் எங்கெங்கே விட்டிருக்கிறார்கள் என்று கையை வைத்தாலே தெரிந்துவிடும். டெலிவரி எடுக்கும்போது மத்தியானம் போய் எடுங்கள் என்பேன், காலையில் போனால் எல்லா வண்டியும் குளுகுளு என்றுதான் இருக்கும்.

சமையல் மேடை சிறியது, போதும். ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறு ஒரே குக்கரில் ஆகிவிடுகிறது, ஊத்துக்குளி நெய்யை ஊற்றிக் கொடுத்தால் பிள்ளைகள் இரண்டும் பேசாமல் சாப்பிட்டுவிடும். ஆனால் இழுப்பறைகளுக்கு வீட்டு மாடுலர் கிச்சன் மாதிரி காந்தப் பிடி வைத்திருந்தார்கள். திம்பம் மலையில் 27 வளைவு. மூன்றாவது வளைவிலேயே கரண்டி, தட்டு, டம்ளர் எல்லாம் தரையில். இப்போது புஷ் லாக் மாற்றியாயிற்று, பெரிய கதவுக்கு டவர் போல்ட். பாத்திரம் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடுவதற்கு என் மனைவி கண்டுபிடித்த வைத்தியம் திருப்பூர் பனியன் வேஸ்ட். தட்டுக்குத் தட்டு ஒரு துண்டு சொருகினால் சத்தமே இல்லை, அதையே கை துடைக்கவும் எடுத்துக்கொள்ளலாம்.

கேஸ் வைக்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். எங்கள் வண்டியில் கேஸ் அலாரத்தைச் சீலிங் ஓரமாக அழகாக மாட்டியிருந்தார்கள். அது கூவுவதற்குள் கீழே படுத்திருக்கிறவன் கதி என்ன? கழற்றி, தரையிலிருந்து ஒரு அடிக்குள் வைக்கச் சொன்னோம். சிலிண்டர் பெட்டிக்கும் அடியில் வெளிக்காற்றுக்குத் திறந்த துவாரம் இருக்க வேண்டும். 5 கிலோ சிலிண்டர் போதும்.

டாய்லெட் வேண்டாம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். என் மாமனார் வண்டியை முதலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னங்க மாப்ளே, சாமி படம் மாட்டுன வண்டிக்குள்ளயே கக்கூசுங்களா?" என்று கேட்டார். கழிவு சேரும் டப்பாவை மட்டும் கழற்றி எடுக்கிற கேசட் டாய்லெட் வைத்ததற்கு ஒரு நாளும் வருத்தப்படவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று வயதுக் குழந்தை "அம்மா, ஒண்ணுக்கு" என்று எழுந்தால், இருட்டில் எங்கே போவீர்கள்? 20 லிட்டர் டப்பா, எங்கள் நாலு பேருக்கு இரண்டு நாள் தாங்கும், வீட்டுக்கு வந்து கழிவறையில் கொட்டிக் கழுவிவிடலாம். அதே மாமனார் பழனிக்கு எங்களோடு வந்தபோது தாராபுரம் தாண்டினதும் மெதுவாக, "ஏங்கண்ணு, அந்தக் கதவு எப்படித் தெறக்கறது?" என்று பேரனிடம் கேட்டார்.

வெளியே இழுத்துவிடும் நிழல் கூடாரம் எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் உதவாது. மாமனார் தோட்டம் உடுமலைப் பக்கம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து அடிக்கிற இடம், சுற்றிலும் காற்றாலை. கூடாரத்தின் பிடியைச் சட்டத்தில் போல்ட் செய்யாமல் மேல் தகரத்தில் மட்டும் பிடித்திருந்தார்கள். ஒரே காற்றில் பிடி நெளிந்து தகரமும் சேர்ந்து இழுத்துக்கொண்டது. பட்டறையில் காசு வாங்காமல் சரிசெய்தார்கள், இந்த முறை சட்டத்தில். ஆனாலும் காற்றுக் காலத்தில் நாங்கள் அதை விரிப்பதில்லை. தென்னைக்கு அடியில் நிழல் பார்த்து நிறுத்தவும் வேண்டாம், ஒரு நெற்று விழுந்தால் சோலார் பேனல் காலி.

சரி, எங்கே நிறுத்தித் தூங்குவது? காட்டுக்குள் நிறுத்திக்கொள்ளலாம் என்று வீடியோ பார்த்து நினைக்காதீர்கள், சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், திம்பம் சாலையில் ராத்திரிப் போக்குவரத்துக்கே கட்டுப்பாடு. ஊட்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். கீழ்பவானி வாய்க்கால் ஓரம் குளுகுளு என்று இருக்கும், ஆனால் தண்ணீர் இழுப்பு அதிகம், கதவைத் திறந்தால் குழந்தை நேராக அங்கேதான் இறங்கும், நான் நிறுத்த மாட்டேன். கொங்கு நாட்டில் கேம்ப் சைட் என்றால் சொந்தக்காரர் தோட்டத்துக் களம்தான். சிமென்ட் தரை மட்டமாக இருக்கும், போர் தண்ணீர் இருக்கும், வீட்டு மீட்டரிலிருந்து ஒரு 15 ஆம்பியர் பிளக் கிடைக்கும். மோட்டார் ரூமிலிருந்து எடுக்காதீர்கள், அது விவசாய இணைப்பு. ஒரே சிக்கல், வண்டியில் படுக்க விடமாட்டார்கள். "ஊட்ட வெச்சுக்கிட்டு வண்டில படுக்கறதாவது, ஊருல என்ன பேசுவாங்க" என்று பாயைப் போட்டுவிடுவார்கள். அத்தை வீட்டில் பிள்ளைகள் பங்கில், நாங்கள் திண்ணையில் என்று ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம்.

தரைக்குப் பவானி ஜமுக்காளம், படுக்கைக்குச் சென்னிமலை பெட்ஷீட். கார்ப்பெட் போடச் சொன்னார்கள், வேண்டாம். ஜமுக்காளத்தை வெளியே உதறினால் மண் போய்விடும், சாதம் சிந்தினாலும் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். வண்டியை இப்படி மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. ஆர்.சி.யில் கேம்பர் வேன் என்று பதிவு மாறியிருக்க வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாங்க" என்று சொல்கிற பட்டறையாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் ஆட்கள் இதில் ஒழுங்கு, வரைபடத்திலிருந்து எல்லாம் அவர்களே தயார் செய்து கொடுத்தார்கள்.

இன்னும் பாக்கி இருப்பது பின் கண்ணாடியின் பீடிங், அதாவது சுற்றி வருகிற ரப்பர் பட்டை. கோடை மழையிலேயே கட்டில் ஓரம் கசிந்தது, ஐப்பசிக்கு முன்னால் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைப் பக்கம் வந்தால் காட்டுகிறேன், மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் வேண்டாம், சின்னவள் அப்போது வண்டிக்குள்தான் தூங்குவாள்.