ஏஆர்-3ஏ, ஜேபிஎல் எல்100: பழைய ஸ்பீக்கர்களில் புதுப்பிக்க எதை வாங்கலாம்?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1967இல் கொண்டுவந்த ஏஆர்-3ஏ, மேற்குக் கரையில் ஜேபிஎல் தன் 4310 ஸ்டூடியோ மானிட்டரை (ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான ஸ்பீக்கர்) அடியொற்றி 1970இல் வீடுகளுக்கென விற்ற எல்100 ஆகிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளிலும் அடித்தொனிக்கு இருப்பது 12 அங்குல வூஃபர்தான். ஆயினும் பழுதுபார்க்கத் திறந்தால் இரண்டும் இரு வேறு உலகங்கள்.

எல்100இன் வூஃபர் விளிம்பு மடிப்பு மடிப்பாக அமைந்தது. ஃபோம் அல்ல என்பதால் உதிர்வதில்லை. அதன் கிராஸ்ஓவரில் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் சுற்று) வூஃபருக்கு வடிகட்டியே கிடையாது. நடுத்தர, உச்ச ஒலிகளுக்கான மற்ற இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் தலா ஒரு கெப்பாசிட்டரும் ஒலியளவுக் குமிழும் மட்டுமே உண்டு. கெப்பாசிட்டர்களை மாற்றி, குமிழ்களைத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பொடிந்துபோயிருக்கும் முன்பக்க ஃபோம் மூடிக்கு மாற்று வாங்குவதுதான் செலவு.

ஏஆர்-3ஏ அத்தனை எளிதில் வசப்படாது. தொடக்ககாலத் துணி விளிம்பு வூஃபர்கள் நீங்கலாக மற்றவற்றில் ஃபோம் வளையம் இந்நேரம் பிசுபிசுத்தோ பொடிந்தோ போயிருக்கும். பழைய பசையை வூஃபரின் கூம்பு கிழியாமல் சுரண்டியெடுத்து, நடுமூடியை வெட்டி, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி மையப்படுத்திய பிறகே புதிய வளையத்தை ஒட்ட வேண்டும். அந்த வளையம் மென்மையானதாக இருப்பது முக்கியம்; ஏனெனில், இந்த வடிவமைப்பில் கூம்பை மீட்டிழுக்கும் வேலையைப் பெரும்பகுதி செய்வது மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான், விறைப்பான வளையம் அந்தக் கணக்கையே குலைத்துவிடும். வூஃபரைத் திரும்பப் பொருத்தியபின் கூம்பை விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள்: நிதானமாக மீண்டு வந்தால் பெட்டி இறுக்கமாக உள்ளது; வெடுக்கென்று குதித்தால் எங்கோ காற்று கசிகிறது. பின்புறக் குமிழ்களில் பச்சை பூத்துக் கிடப்பதும் வழக்கம். உச்ச ஒலிக்கான ட்வீட்டர் ஊமையாக இருந்தால் அதைக் குறை சொல்லும் முன் அக்குமிழைச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

முதன்முதலாகக் கையில் சால்டரிங் அயர்ன் பிடிப்பவருக்கு எல்100ஐத்தான் பரிந்துரைப்பேன். அது டிரம்ஸ், கிட்டார், பித்தளைக் கருவிகள் ஆகியவற்றைத் துடிப்புடன் முன்னே நிறுத்தும். குறைந்த வாட் ஆம்ப்ளிஃபயருக்கும் தாராளமாக முழங்கும். ஆனால் வயலினும் செல்லோவும் அவற்றின் மரத்தின் கதகதப்போடு ஒலிக்க வேண்டுமென்றால், அத்தனை பாடுபட்டாவது ஏஆர்-3ஏயை மீட்டெடுக்கவே என் மனம் விரும்புகிறது. அடித்தொனி ஊதிப் பெருக்காமல் ஆழமாக இறங்கும் அந்த நேர்மையை இன்றைய பல புதிய பெட்டிகளில்கூட நான் கேட்கவில்லை.

ஒரு நிபந்தனை: ஏஆர்-3ஏ 4 ஓம் மின்தடை கொண்ட வகை, ஒலித்திறனும் குறைவு. நல்ல மின்னோட்டம் தரக்கூடிய ஆம்ப்ளிஃபயர் அவசியம். பழைய ரிசீவரில் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த கருவி) ஏ, பி என இரு ஜோடி இணைப்புகள் இருந்தாலும், இதனோடு இன்னொரு ஜோடியைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஓட்டக் கூடாது. மொத்த மின்தடை மேலும் இறங்கி, வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோகக்கூடும்.