டாக்டருக்கு முடியவில்லை என்றால்: மேஜை டிராயரா, பேட்ச்மேட்டா, பக்கத்து ஊரா?

மன்னார்குடியில் கிளினிக் வைத்திருக்கிறேன். எனக்கு உடம்புக்கு வந்தால் மூன்று வழி, மூன்றிலும் போய்ப் பார்த்துவிட்டேன்.

முதலாவது மேஜை டிராயர். மருந்து கம்பெனி ரெப் கொடுத்த சாம்பிள் மாத்திரை அட்டைகள் கிடக்கும், காசும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கூட்டம் வாசல் திண்ணை வரை உட்கார்ந்திருக்கும்போது கைக்கு எட்டுவது இதுதான். நெஞ்செரிச்சலுக்கு இப்படியே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல் போட்டு மூன்று வாரம் ஓட்டினேன். இதே எரிச்சல் என்று என் வயதுக்காரர் ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தால் மாரடைப்பாக இருக்குமோ என்று பத்து நிமிஷத்துக்குள் இசிஜி எடுத்திருப்பேன். மெஷின் நாலடி தள்ளித்தான் இருந்தது, எனக்கு எடுக்கத் தோன்றவில்லை. தன் உடம்பு என்றால் மனசு பயமில்லாத நோயாகப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது, கூடப் படித்தவனுக்கு போன். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் பேட்ச்மேட்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள், ராத்திரி 11 மணிக்கும் எடுப்பார்கள். டிராயருக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனால் என்ன நோய் என்பதையும் நாமே சொல்லிவிடுகிறோம். "கேஸ்ட்ரைட்டிஸ்தான்டா, டோஸ் கூட்டட்டுமா?" "கூட்டு மச்சான்." அவ்வளவுதான். தூக்கம், குடி, மனக்கஷ்டம் பற்றிக் கேட்க அவனுக்குக் கூச்சம். எதுவும் எழுதப்படுவதில்லை என்பதால் அடுத்த வருஷம் புரட்டிப் பார்க்க ஒரு தாள்கூட இருக்காது.

மூன்றாவது, கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் டோக்கன் போட்டு நோயாளியாகப் போவது. உள்ளூர் என்றால் வரிசையில் நம் நோயாளிகளே "உங்களுக்கே முடியலையா சார்?" என்பார்கள். அரை நாள் வருமானம் போகும், அதுதான் நஷ்டம். அங்கே சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்துப் பார்த்தார். இசிஜி சரியாக இருந்தது. பிரஷர் 150/96, இரண்டு தடவை. மஞ்சள் காமாலை பி (ஹெபடைட்டிஸ் பி) தடுப்பூசி மூன்று டோஸும் போட்டதாகச் சொன்னேன், "ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது?" என்றார். தடுப்பூசி பலித்ததா என்று காட்டும் அந்த அளவு 10 mIU/mL-க்குக் குறையக் கூடாது என்று ஊழியர்களுக்குச் சொல்கிற நான், எனக்குப் பார்த்ததே இல்லை.

சென்னை, வேலூர் என்று போவதும் உண்டு. பெரிய ஆபரேஷனுக்குச் சரி, பிரஷருக்கு மாதாமாதம் யார் போவார்கள்?

என் ஓட்டு மூன்றாவதுக்கு. சளி, தலைவலிக்கு டிராயர் போதும். தூக்க மாத்திரை, வலி ஊசி, ஆன்டிபயாட்டிக் மட்டும் நமக்கு நாமே எழுதிக்கொள்ளவே கூடாது. அப்புறம், அங்கே போனால் அவர் எழுதிய சீட்டில் கை வைக்காதீர்கள், "நான் டாக்டர் என்பதை மறந்துவிட்டுப் பாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் மாதத்தில் ஒரு புதன்கிழமை கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஃபைலோடு பஸ் ஏறுகிறேன், போன தடவை 134/84.