வால்ஸ்: தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஓர் உலக இலக்கண வரைபடம்

பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால், அவருடைய தாய்மொழி எது, அதற்கு அடுத்தபடி எந்த மொழியில் சரளமாகப் பேசுவார் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வேன். பதில் கிடைத்ததும் நான் போய்ப் பார்க்கும் இடம் வால்ஸ் (WALS, World Atlas of Language Structures) என்ற இணையதளம். உலக மொழிகளில் பெயரும் வினையும் எப்படியெல்லாம் நடந்துகொள்கின்றன என்பதை வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டும் தளம் இது. காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம். மொழி சொல்லிக்கொடுக்கிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், இலக்கணத்தில் ஆசை உள்ளவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காக இந்த விமர்சனம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே உருவான இந்த வேலை 2005ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வழியாகக் கனமான புத்தகமாக வந்தது. 2008ல் இணையத்துக்கு வந்துவிட்டது. மேத்யூ டிரையரும் மார்ட்டின் ஹாஸ்பெல்மாத்தும் இணையப் பதிப்பின் ஆசிரியர்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட மொழியியலாளர்கள் தலைப்புகளைப் பகிர்ந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள். மொத்தம் 144 அத்தியாயங்கள், 192 இலக்கணக் கூறுகள், 2,600க்கு மேற்பட்ட மொழிகள்.

பயன்படுத்துவது எளிது. ஒரு கூறைத் தேர்ந்தெடுத்தால் உலக வரைபடம் வரும். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு புள்ளி, வகைக்கு ஒரு நிறம். ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்தால் அந்த மொழியைப் பற்றிப் பதிந்திருப்பது அத்தனையும் பட்டியலாக வரும். இன்னின்ன இலக்கண நூலிலிருந்து எடுத்தது என்று பக்கத்திலேயே குறிப்பும் இருக்கும். இரண்டு கூறுகளை ஒரே வரைபடத்தில் சேர்த்துப் பார்க்கும் வசதியும் உண்டு. ஆனால் இந்தத் தளத்தின் உண்மையான சரக்கு வரைபடத்தில் இல்லை, அதோடு இணைத்திருக்கும் அத்தியாயத்தில்தான் இருக்கிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

நான், நீ, அவர் போன்ற மாற்றுப்பெயர்களில் தொடங்குகிறேன். எனக்கு மிகவும் உதவிய அத்தியாயம் 39. நாம், நாங்கள் என்று நாம் பிரிப்பதுபோல் எந்தெந்த மொழிகள் கேட்பவரை உள்ளே சேர்த்தும் வெளியே விட்டும் பேசுகின்றன என்பது அதன் பொருள். 200 மொழிகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் 63 மொழிகள் நம்மைப்போல் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டிருக்கின்றன. 120 மொழிகளுக்கு ஒன்றே போதும். பத்து மொழிகளில் 'நான்' என்பதும் பன்மையும் ஒரே சொல்.

என்னிடம் ஒரு வங்கி அதிகாரி படித்தார். இந்தி பேசுபவர், கோவைக் கிளைக்கு மாற்றலாகி வந்தவர். ஒரு விவசாயியிடம் மிகுந்த மரியாதையோடு "நாம் உங்களுக்குக் கடன் கொடுக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார். "ஏனுங் சார், நானும் சேர்ந்தா குடுக்கோணும்?" என்று அவர் கேட்டாராம். அதிகாரிக்கு என்ன தவறென்றே புரியவில்லை. இந்தியில் 'ஹம்' ஒன்றுதான். கேட்பவர் உள்ளேயா வெளியேயா என்ற கேள்வியை அந்த மொழி அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்படிப்பட்டவருக்கு இரண்டு சொல்லையும் பட்டியலில் அடுத்தடுத்து எழுதிப்போட்டால் பயனில்லை. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்டுப் பழக்க வேண்டும். "நாங்கள் சாப்பிட்டுவிட்டோம், நீங்கள் சாப்பிடுங்கள்", "வாங்க, நாம் சாப்பிடலாம்" என்பதுபோல் ஜோடி ஜோடியாகச் சொல்லவைத்தேன். வந்துவிட்டது.

குஜராத்தி பேசுபவருக்கு இந்தப் பாடமே தேவையில்லை. 'ஆபணே', 'அமே' என்று அவர்களிடம் இந்தப் பிரிவு தயாராக இருக்கிறது. எது எதற்கு என்று காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். தெலுங்கருக்கும் மலையாளிக்கும் அப்படியே. கன்னடத்துக்காரருக்கு அப்படி இல்லை. திராவிட மொழிதானே என்று நம்பி விட்டுவிடக் கூடாது, இன்றைய கன்னடத்தில் 'நாவு' ஒன்றே இரண்டுக்கும். வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேருக்கு ஒரே பாடம் எவ்வளவு வேறாக இருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது ஆசிரியருக்குப் பெரிய பலம்.

இதே பிரிவை இன்னும் நுணுக்கமாகச் செய்யும் மொழிகளும் உண்டு. ஹவாய் மொழியில் நீயும் நானும் இருவர் மட்டும் என்றால் 'காஉவா'; நானும் இன்னொருவரும், நீ இல்லை என்றால் 'மாஉவா'; நாம் பலர் 'காகோ', நாங்கள் பலர் 'மாகோ'. பாப்புவா நியூ கினியில் வழங்கும் தோக் பிசின் மொழி சொற்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து எடுத்தது. ஆனால் நாமுக்கு 'யூமி', நாங்களுக்கு 'மிபெலா' என்று ஆங்கிலத்தில் இல்லாத பிரிவைத் தன் சுற்றுவட்டார மொழிகளின் வழியில் கட்டிக்கொண்டது. ஒரு மொழி தனக்குத் தேவையான இலக்கணத்தைக் கைக்குக் கிடைத்த சொற்களிலிருந்தே செய்துகொள்வதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆண்பால் பெண்பால் விஷயத்துக்கு 44ஆம் அத்தியாயம். 378 மொழிகளில் 254 மொழிகள் மாற்றுப்பெயரில் பால் பார்ப்பதே இல்லை. அவனும் அவளும் பள்ளியிலேயே நம் தலையில் ஏறிவிடுவதால் உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். பின்லாந்திலிருந்து இங்கே மருமகளாக வந்த ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தபோது இந்தத் தகவல் என் பாடத்திட்டத்தையே மாற்றியது. ஃபின்னிஷ் மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'ஹேன்' ஒன்றுதான். அதனால் அவருக்கு அவன், அவள் இரண்டையும் பல வாரங்களுக்குத் தள்ளிவைத்தேன். 'அவர் வந்தார்', 'அவர் சொன்னார்' என்பதை வைத்தே ஆரம்பித்தோம். மாமனார், மாமியார், பக்கத்து வீட்டு அக்கா என்று அவர் பேச வேண்டிய எல்லோருக்கும் 'அவர்' பொருந்தும், மரியாதையும் கெடாது. பிறகு பிரித்துக் காட்டியபோது சிரமமே இல்லை. வேற்றுமை உருபுகளுக்கு அவர் கவலையே படவில்லை. 'தலோஸ்ஸா' வீட்டில், 'தலோஸ்தா' வீட்டிலிருந்து என்று அவர் மொழியிலேயே பதினைந்து வேற்றுமைகள் இருக்கின்றன. நாம் இல், இருந்து, உக்கு என்று ஒட்டுவது அவருக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம்.

வேற்றுமையைப் பற்றிய 49ஆம் அத்தியாயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 261 மொழிகளில் சரியாக 100 மொழிகளில் பெயர்ச்சொல்லில் வேற்றுமை உருபே கிடையாது. பத்தோ அதற்கு மேலோ வேற்றுமைகள் கொண்ட மொழிகள் 24. சுவாஹிலிபோல் பெயர்ச்சொற்களைப் பல வகுப்புகளாகப் பிரிக்கும் மொழிகளைத் தேடுபவர்கள் 30 முதல் 32 வரை படிக்க வேண்டும். சுவாஹிலியில் 'கிதாபு' என்றால் புத்தகம், அரபியிலிருந்து வந்த சொல். 'கி' என்று தொடங்குவதால் தங்கள் 'கி' வகுப்பில் சேர்த்துக்கொண்டு, பன்மைக்கு 'விதாபு' என்று ஆக்கிவிட்டார்கள்.

அப்புறம் வினை. வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள் என்று மேலே சொன்னதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. அத்தியாயம் 98, எழுவாயும் செயப்படுபொருளும் எந்த உருபை ஏற்கின்றன என்பதைப் பற்றியது. 190 மொழிகளில் நான்கே நான்கு மொழிகள் 'மும்முனை' வகை என்று குறித்திருக்கிறார்கள். இந்தி அவற்றில் ஒன்று. 'லட்கா ஆயா', பையன் வந்தான். இங்கே பையனுக்கு உருபு இல்லை. 'லட்கே நே லட்கீ கோ தேகா', பையன் பெண்ணைப் பார்த்தான். இங்கே பார்த்தவனுக்கு 'நே', பார்க்கப்பட்டவளுக்கு 'கோ'. வந்தவன், பார்த்தவன், பார்க்கப்பட்டவள் மூன்று பேருக்கும் மூன்று விதம்.

ஆனால் இந்த 'நே' முடிந்துபோன செயலைச் சொல்லும்போது மட்டும்தான் வரும். 'லட்கா லட்கீ கோ தேக்தா ஹை' என்று நிகழ்காலத்தில் சொன்னால் 'நே' காணாமல் போய்விடும். புள்ளியின் நிறம் இதைச் சொல்லாது; அத்தியாயத்தைப் படித்தால்தான் தெரியும். இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 'ராம் நே ரோட்டீ காயீ' என்றால் சாப்பிட்டது ராமன், ஆனால் வினை ரொட்டியின் பெண்பாலுக்கு ஏற்ப முடிகிறது. இந்த வழக்கத்தில் வளர்ந்தவருக்குத் தமிழ் இறந்தகாலம் முதலில் நம்ப முடியாத அளவுக்கு நேராகத் தோன்றும். எந்தக் காலமானாலும் எழுவாய் எழுவாயாகவே நிற்கும், விகுதி அதையே பார்த்துத் திரும்பும் என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிட்டால் அவர்கள் தோள் தளர்ந்து நிம்மதியாவது கண்கூடாகத் தெரியும்.

விகுதி என்றதும் மலையாளம் ஞாபகம் வருகிறது. 'ஞான் வந்நு', 'அவன் வந்நு', 'அவள் வந்நு' என்று எல்லோருக்கும் ஒரே வினைமுற்று. வினையில் இடம் காட்டுவதைப் பற்றிய 102ஆம் அத்தியாயம் 378 மொழிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் 82 மொழிகள் இப்படி எதையும் காட்டாதவை என்கிறது. எழுவாய், செயப்படுபொருள் இரண்டையும் வினைக்குள்ளேயே வைத்துவிடும் மொழிகள் 193. சுவாஹிலியின் 'நினாகுபெண்டா' ஒரே சொல்லில் 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்று சொல்லிவிடும். தமிழ் கற்கும் மலையாளி ஒருவர் 'நான் வந்தது' என்று சொன்னால் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். ஏன், ஆய், ஆன், ஆள் என்ற முடிவுகள் அவருக்குப் புதிதாகக் கட்ட வேண்டிய சுவர்.

உடைமை வினையைப் பற்றிய 117உம் வகுப்புக்கு நேரடியாக உதவும். 240 மொழிகளில் 63 மட்டுமே ஆங்கிலம், ஜெர்மன் போல் 'வைத்திரு' என்ற பொருளில் தனி வினை கொண்டவை. மற்றவை வேறு வழிகளில் போகின்றன. 'என்னிடம் பணம் இருக்கிறது' என்பதைப் போலவே இந்தி 'மேரே பாஸ்' என்றும், ஃபின்னிஷ் 'மினுல்லா ஒன்' என்றும் சொல்கின்றன. ஜெர்மன்காரருக்கு மட்டும் இதற்கு ஒரு வகுப்பு முழுதாகத் தேவை.

கேள்விப்பட்டதைச் சொல்லும் விதம் 77இலும் 78இலும் இருக்கிறது. 418 மொழிகளில் 181 மொழிகள்தான் இதை இலக்கணத்தில் காட்டாதவை. துருக்கியில் 'கெல்தி' என்றால் வந்தார், தெரிந்து சொல்கிறேன். 'கெல்மிஷ்' என்றால் வந்தாராம். துருக்கி மாணவருக்கு நம்முடைய 'ஆம்' எவ்வளவு எளிது என்று சொல்ல வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மொழிக்கு ஒரே புள்ளி என்பதால் தமிழ் முழுவதும் தமிழ்நாட்டில் ஒரு புள்ளியில் அடங்கிவிடுகிறது. யாழ்ப்பாணப் பேச்சும் குமரிப் பேச்சும் எழுத்துத் தமிழும் அதில் தனித்தனியாகத் தெரியாது. எல்லாக் கூறுகளுக்கும் எல்லா மொழிகளும் இல்லை. எழுவாய், செயப்படுபொருள், வினை வரிசையைச் சொல்லும் 81இல் 1,376 மொழிகள் இருக்க (நம்மைப்போல் வினையைக் கடைசியில் வைப்பவை 564), மேலே சொன்ன 39இல் 200தான். நீங்கள் தேடும் மொழி தேடும் அத்தியாயத்தில் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். எழுத்து முழுவதும் ஆங்கிலத்தில், அதுவும் துறைச்சொற்கள் நிறைந்த ஆங்கிலத்தில். இலக்கணத்துக்குப் புதியவர் முதல் பார்வையிலேயே ஓடிவிடக்கூடும்.

இடைவெளிகளை நிரப்ப கிராம்பாங்க் என்ற இன்னொரு தளம் 2023ல் வந்தது. 2,467 மொழிகள், 195 கேள்விகள். பெரும்பாலும் உண்டு, இல்லை என்ற வடிவில் பதில். ஒரு மொழியைப் பற்றி ஒரே இடத்தில் நிறையத் தெரிய வேண்டுமானால் அது மேல். ஆனால் வால்ஸில் இருப்பதுபோல் உட்கார்ந்து படிக்கத்தக்க, உதாரணங்களோடு எழுதிய நீண்ட அத்தியாயங்கள் அதில் இல்லை. ஆசிரியராக நான் வால்ஸுக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன். ஐந்துக்கு நாலரை தருவேன்; அரை மதிப்பெண் போனது அந்த ஒற்றைப் புள்ளிக்காக.

புதிதாகப் போகிறவர்கள் 39, 44, 45 மூன்றையும் முதலில் படியுங்கள். 45 நீ, நீங்கள் மரியாதைப் பிரிவைப் பற்றியது. தமிழருக்கு விளக்கமே தேவைப்படாத தலைப்பு. அதன்பின் 102, 117. தளத்தின் உள்ளடக்கம் பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்துப் பகிரலாம், மொழிபெயர்க்கலாம் என்ற உரிமத்தில் இருக்கிறது. 39ஆம் அத்தியாயத்தை எங்கள் ஆசிரியர் வட்டத்துக்காகத் தமிழில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். 102ஐ யாராவது எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.